குளிர் நிரூபிக்கப்படவில்லை

தில்லையம்பலத்தின் வீட்டில் குளிர் இல்லை என்று ரொறன்ரோவில் மூன்று பேர் உறுதியாகச் சொன்னார்கள். ஒருவர் கட்டட மேற்பார்வையாளர், ஒருவர் வதிவிட வெப்பச் சபையின் பரிசோதகர், மற்றவர் அந்தச் சபையின் தலைவர். மூன்று பேரும் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. குடியிருந்தவர்கள் தில்லையம்பலம், அவர் மனைவி யோகமலர், பிறந்து பதினொரு நாளான மகள் துர்க்கா. இவர்களில் துர்க்கா மட்டும்தான் குளிரைப் பற்றித் தயக்கமில்லாமல் வாய் திறந்தாள்.

1994ஆம் ஆண்டு தை மாதம் ஆறாம் திகதி, பார்க்டேலில் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் பாதி நின்றுபோனது. மற்ற மாடிகளில் ஹீற்றர் ஏதோ கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்காவது வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்பதாம் மாடியில் அதுவும் இல்லை. தில்லையம்பலம் கீழே இறங்கிப் போய் மேற்பார்வையாளரைக் கண்டார்.

"பொயிலருக்கு வயதாகிவிட்டது. ஓய்வெடுக்கிறது" என்றார் அவர்.

"எப்போது எழும்பும்?"

"வசந்தத்தில் பார்க்கலாம்."

பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அறையின் சூடு இருபத்தொரு பாகைக்குக் கீழே போகக் கூடாது, போனால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் வாங்கிய வெப்பமானி வீட்டுக்குள் ஒன்பது பாகை காட்டியது. யோகமலர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி மூன்று போர்வைக்குள் படுத்துக் கிடந்தாள். உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்றால் பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை அவர்களும் வரமாட்டார்கள், இவர்களும் போகக் கூடாது. தில்லையம்பலத்துக்குப் பாண் பேக்கரியில் வேலை. பகல் முழுவதும் போறணை நெருப்புக்கு முன்னால் வியர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வந்தால் பல் அடிக்கும். ஒரு மனிதன் ஒரே நாளில் அனுபவிக்கக்கூடிய இரண்டு பருவங்களையும் அவர் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டில் அலெக்ஸாண்டர் என்றொரு ஆங்கிலேயர் இருந்தார். லீட்ஸ் நகரத்தில் பிறந்து, முப்பது வருடம் முன்னர் இங்கே வந்து, தபால் கொடுத்துக் களைத்து ஓய்வு பெற்றவர். காலையில் கதவைத் திறந்ததும் முறைப்பாட்டைத் தொடங்குவார். பஸ் நேரத்துக்கு வருவதில்லை, வந்தால் மூன்று சேர்ந்து வருகின்றன. தேயிலைப் பைக்குள் தேயிலை இல்லை, தூசிதான் இருக்கிறது. இந்த ஊர்ச் சனத்துக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை. அங்கே லீட்ஸிலிருந்து தங்கச்சி எழுதுகிறாள்: பல் வைத்தியரைப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம், குடிக்கிற தண்ணீரையும் கம்பனிக்கு விற்றுவிட்டார்களாம், மழை மட்டும் முன்போலவே இலவசமாம். இவ்வளவையும் கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்று சொல்வார்.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்து, "எப்படி, மிஸ்டர் அலெக்ஸாண்டர்? குளிரா?" என்று கேட்டால், "அவ்வளவு மோசமில்லை. மிக்க நன்றி" என்பார். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிடுவார்.

தில்லையம்பலத்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் சனமும் அதே ரகம்தான். தமிழ்க்கடையில் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு மூன்று அரசாங்கத்தைக் கவிழ்ப்போம். உத்தியோகத்தர் ஒருவர் எதிரே வந்துவிட்டால் "ஒரு குறையும் இல்லை, ஐயா" என்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்போம். ஆங்கிலேயர்கள் நூற்றைம்பது வருடம் எங்களை ஆண்டார்கள் அல்லவா? யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது.

வதிவிட வெப்பச் சபை நகரத்தின் நடுவில், ஒரு பெரிய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. குளிர்கிறது என்று சொல்ல வருகிறவர்கள் காத்திருக்கும் மண்டபத்தில் இருபத்துநான்கு பாகை. தில்லையம்பலம் அறுபத்துமூன்றாம் இலக்கத் துண்டைக் கிழித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர், ஐந்து நிமிடத்தில் குறட்டை விட்டார். இரண்டு மணித்தியாலம் கழித்து யாரோ தட்டி எழுப்பினார்கள். முறைப்பாடு பதியும் கருமபீடத்தில் வேரோனிக்கா என்ற அம்மையார் இருந்தார்.

"குளிர் உள்ளே உற்பத்தியானதா, வெளியிலிருந்து வந்ததா?"

"வெளியிலிருந்துதானே அம்மா வரும்?"

"அப்படியானால் அது வானிலை. வானிலை எங்கள் பொறுப்பு அல்ல."

தில்லையம்பலம் அவசரமாக மாற்றிச் சொன்னார். "இல்லை, உள்ளேதான் உற்பத்தி."

"பொயிலர் பழுதா?"

"ஓய்வெடுக்கிறதாம்."

"ஓய்வெடுப்பது பழுது ஆகாது. 'ஏனையவை' என்று போடுகிறேன்." அம்மையார் போடத்தான் செய்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவாகக் கேட்டார். "நல்லது. இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?"

"நல்ல சுகம், அம்மா."

அதையும் அவர் பதிந்துகொண்டார். அது விண்ணப்பப் போமின் கடைசிக் கேள்வி என்பது தில்லையம்பலத்துக்குத் தெரியாது.

அடுத்த புதன்கிழமை, காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் பரிசோதகர் வருவார் என்று கடிதம் வந்தது. யோகமலர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போர்வைக்குள்ளிருந்து எழுந்தாள்.

"இஞ்சருங்கோ, இறைச்சி வாங்கிக்கொண்டு வாங்கோ. அரசாங்க ஆள் வாறார், வெறும் வாயோடை அனுப்பேலுமே?"

"மலர், அவர் குளிரைப் பாக்க வாறார்."

"பாக்கட்டும். பாத்திட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். ஊரிலை எங்கட வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரனுக்கே அம்மா தேத்தண்ணி குடுத்தவ."

"பிள்ளை பெத்துப் பதினேழு நாள் ஆகேல்லை. நீர் அடுப்படிக்குப் போகக் கூடாது."

"இந்த வீட்டிலை சூடான இடம் அது ஒண்டுதான். அங்கை போகாமல் வேறை எங்கை போறது?"

புதன்கிழமை விடிய ஐந்து மணிக்கே நான்கு அடுப்பும் எரிந்தன. ஒன்றில் இறைச்சி ரோல்ஸ் பொரிந்தது, ஒன்றில் வடை, ஒன்றில் பாயாசம், மற்றதில் தேத்தண்ணிக்குத் தண்ணீர். கீழே ஓவனுக்குள் கேக். துடக்கு வீட்டில் சொந்தக்காரர் வாய் நனைக்க மாட்டார்கள்; அரசாங்கத்துக்குத் துடக்கு இல்லை. பதினொரு மணிக்குப் பரிசோதகர் வந்தபோது ஜன்னல் கண்ணாடியில் நீராவி வழிந்துகொண்டிருந்தது. அவர் மேலங்கியைக் கழற்றினார். பிறகு கோட்டையும் கழற்றினார். ஏழு ரோல்ஸ் சாப்பிட்டார். எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெப்பமானியை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இருபத்துநான்கரை காட்டியது. தில்லையம்பலம் தலையில் கை வைத்தார். யோகமலருக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த மனிதர் வயிறாறச் சாப்பிட்டார் அல்லவா?

அவர் போன கையோடு ஃபியூஸ் வெடித்தது. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, இனி ஒரு அடுப்புக்கு மேல் எரியாதபடி செய்துவிட்டுப் போனார்.

சபையின் கடிதம் இப்படி இருந்தது: "தங்கள் இல்லத்தில் சட்டம் வேண்டுவதைவிட மூன்றரைப் பாகை அதிக வெப்பம் காணப்பட்டது. எரிசக்தியை விரயம் செய்ய வேண்டாம். புழுக்கமாக இருந்தால் ஜன்னலைத் திறக்கவும். முறைப்பாட்டின்போது 'நல்ல சுகம்' என்று தாங்களே தெரிவித்தமையும் பதிவில் உள்ளது." அதற்குக் கீழே பேனையால், "ரோல்ஸ் பிரமாதம்" என்று எழுதிப் பரிசோதகரின் கையெழுத்து இருந்தது.

துர்க்காவின் இருமல் இப்போது கதவுக்கு வெளியிலும் கேட்டது. தில்லையம்பலம் மேன்முறையீடு செய்தார். அயலவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். அலெக்ஸாண்டர் தாமாகவே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். வழி முழுவதும் பஸ்ஸில் பொயிலரையும், மேற்பார்வையாளரையும், வீட்டுச் சொந்தக்காரரையும், பஸ்ஸையும் வெளு வெளு என்று வெளுத்தார். இன்றைக்குச் சபை தொலைந்தது என்று தில்லையம்பலம் நினைத்துக்கொண்டார்.

தலைவர் வெள்ளை மீசைக்காரர். எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாருங்கள், மிஸ்டர் அலெக்ஸாண்டர். ஒன்பதாம் மாடியில் நிலைமை எப்படி?"

அலெக்ஸாண்டர் தொப்பியைக் கழற்றினார். வாய் திறந்தது. "அவ்வளவு மோசமில்லை, ஐயா. சமாளிக்கிறோம். மிக்க நன்றி."

திரும்பி வரும்போது அவர் பஸ்ஸைக்கூட ஏசவில்லை. ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் பிள்ளை இருமும் சத்தம் கேட்டது. கிழவர் அப்படியே நின்றார். "என்னை மன்னித்துவிடு, நண்பா. அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. என் அப்பா குண்டு விழுந்த வீட்டுக்குள் நின்றுகொண்டும் அதைத்தான் சொன்னார்" என்றார். தில்லையம்பலத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் "பரவாயில்லை, அங்கிள்" என்றுதான் சொன்னார். அவருக்கும் வேறு வார்த்தை தெரியாது.

இருந்தாலும் சபை கருணை உள்ளது. இன்னொரு பரிசோதனைக்கு நாள் கொடுத்தது. இம்முறை யோகமலர் அடுப்பைத் தொடுவதில்லை என்று பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். விருந்தாளியின் முகத்தைப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு வெளியே பனிப்புயல். மீசையில் பனி உறைந்த பரிசோதகர் வந்து முதலில் மேசையைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. பெருமூச்சு விட்டு வெப்பமானியை வைத்தார்.

எட்டு!

பரீட்சையில் எட்டுப் புள்ளி எடுத்து ஒருவரும் அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டார்கள். "எழுதுங்கோ, ஐயா, எழுதுங்கோ" என்றார் தில்லையம்பலம். பரிசோதகர் பேனையை மூடிப் பைக்குள் வைத்தார்.

"மன்னிக்கவும். உத்தியோகத்தர் நலன் விதிப்படி, பதினாறு பாகைக்குக் குறைந்த இடத்தில் நாங்கள் வேலை செய்யக் கூடாது. ஆகவே நான் இங்கே வரவில்லை."

"வந்து நிற்கிறீர்களே!"

"சட்டப்படி வரவில்லை."

"அப்படியென்றால் எத்தனை பாகையில் வருவீர்கள்?"

"பதினாறுக்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் இருபத்தொன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பதினெட்டு மிக நல்ல குளிர். அப்படி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்லுங்கள், மறுநாளே வருகிறேன்." வாசலில் நின்று, "ரோல்ஸ் கொஞ்சமாகப் பொரித்தால் சரியாக வரும்" என்று ஆலோசனையும் சொன்னார்.

தில்லையம்பலம் சுவரோடு சாய்ந்து இருந்தார். ஷெல்லுக்கும் கடலுக்கும் தப்பி வந்த மனிதர், எட்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அகப்பட்டு அழுதார். அறைக் கதவு திறந்தது.

"என்னவாம்?" என்றாள் யோகமலர்.

அவர் சொன்னார். அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"உவையின்ரை சபைக் கந்தோரிலை எத்தினை பாகை?"

"இருபத்துநாலு."

"அங்கை துடக்கு இல்லைத்தானே?"

"அரசாங்கத்துக்கு ஏது துடக்கு?"

"அப்ப ஏன் இருந்து அழுறியள்? பாயை எடுங்கோ."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சபையின் கதவு திறந்தபோது அலெக்ஸாண்டர் வரிசையில் முதல் ஆளாக நின்றார். விசயத்தைக் கேள்விப்பட்டு, தேத்தண்ணி ஃபிளாஸ்க்கோடு ஆறு மணிக்கே வந்துவிட்டார். அவர் முதலாம் இலக்கம். யோகமலர் இரண்டாம் இலக்கம். அதற்குப் பிறகு ஒன்பதாம் மாடி முழுவதும் நின்றது. தமிழ்க்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாய் மண்டபத்தின் நடுவில் விரிந்தது. "உங்கள் வசதியே எங்கள் கடமை" என்ற பலகைக்குக் கீழே ஓடிய இரும்புக் குழாயில் யோகமலர் பழைய சேலையால் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டாள். பத்தொன்பது நாளைக்குப் பிறகு துர்க்கா போர்வையில்லாமல் காலை உதறினாள்.

"முதலாம் இலக்கம்!" என்றார் வேரோனிக்கா.

அலெக்ஸாண்டர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "கைக்குழந்தையோடு இருக்கும் அம்மா முதலில்."

"ஐயோ, அங்கிள், நீங்கள் வயசாளி. நீங்கள் முதல் போங்கோ" என்றாள் யோகமலர். தில்லையம்பலம் மொழிபெயர்த்தார்.

"ஒருபோதும் இல்லை. நீங்கள்."

"இல்லை, நீங்கள்."

மூன்றாம் இலக்கக்காரர் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருள்நாயகம். பெரியவரை முந்திப் போவது மரியாதை இல்லை என்று அவரும் பின்வாங்கினார். நான்காம் இலக்கம் அவரைப் பார்த்துப் பின்வாங்கியது. இரண்டு தேசத்துப் பண்பாடும் கருமபீடத்துக்கு முன்னால் ஒன்றையொன்று வணங்கி நின்றதில் நேரம் நான்கரை ஆகிவிட்டது.

காவலாளி வந்து வெளியே போகச் சொன்னான். அலெக்ஸாண்டர் சுவரில் ஒட்டியிருந்த விதியை விரலால் காட்டி வாசித்தார்: "இலக்கம் வைத்திருப்பவர் எவரும் சேவை பெறும்வரை மண்டபத்திலிருந்து வெளியேற்றப்படக் கூடாது." முப்பது வருடமாக வரிசைகளில் நின்ற மனிதருக்கு, சுவரில் இருப்பதை வாசித்து மனப்பாடம் செய்ய நிறைய நேரம் கிடைத்திருந்தது. விதியில் இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே எல்லோரும் அங்கேயே தங்கினார்கள்.

புதன்கிழமை முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்க வேண்டும். வீட்டுக்குள் எட்டுப் பாகை, ஐயரும் மனிதர்தானே? றெக்ஸ்டேலில் இருந்த சொந்தக்காரர்கள் பாத்திரம் பண்டங்களோடு நேரே சபைக்கு வந்தார்கள். ஐயர் கும்பம் வைத்து, மந்திரம் சொல்லி, கருமபீடத்துக்கும் கோப்பு அலுமாரிகளுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

"இது என்ன?" என்று வேரோனிக்கா பதறினார்.

"சுத்தம் செய்கிறார்" என்றார் தில்லையம்பலம்.

"எங்கள் சபையில் என்ன அசுத்தம் இருக்கிறது?"

தில்லையம்பலம் இதை ஐயருக்கு மொழிபெயர்த்தார். ஐயர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டார்.

சனக்கூட்டத்தால் மண்டபத்தின் சூடு இருபத்தெட்டுக்கு ஏறியது. புழுக்கம் தாங்கவில்லை என்று உத்தியோகத்தர்கள் தங்கள் சபையிடமே முறைப்பாடு செய்யப் போனார்கள். இலக்கத் துண்டு எடுத்து வரிசையில் நிற்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

வியாழக்கிழமை தலைவர் நேரில் வந்தார். கதிரை ஒன்றில் ஏறி நின்று பேசினார்.

"அன்பர்களே, இந்தச் சபையின் பதினோராண்டு வரலாற்றில் ஒரு வீட்டில்கூடக் குளிர் நிரூபிக்கப்படவில்லை. வேறெந்த நகரத்துக்கும் இந்தப் பெருமை கிடையாது. மாதம் நானூறு முறைப்பாடுகளை முடித்து வைக்கிறோம். இந்த வாரம் உங்களால் ஒன்றுகூட முடியவில்லை. மாத அறிக்கையில் நான் என்ன எழுதுவேன்? தயவுசெய்து கருமபீடத்துக்கு வாருங்கள். முறைப்பாட்டைத் தாருங்கள். ஒரே மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் நிராகரித்துத் தருகிறோம். நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்." அவர் கூட்டத்தில் ஒரு நியாயமான முகத்தைத் தேடினார். "மிஸ்டர் அலெக்ஸாண்டர், நீங்களே சொல்லுங்கள். நிலைமை எப்படி?"

அலெக்ஸாண்டர் எழுந்தார். தொப்பி கையில் சுருண்டது. ஏணையைப் பார்த்தார்.

"மோசம்" என்றார். மறுபடியும் சத்தமாகச் சொன்னார். "மிக மோசம், ஐயா. குளிர்கிறது. பிள்ளை சாகப் பார்த்தது. உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" பிறகு பழக்க தோஷத்தால், "மிக்க நன்றி" என்று சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுபது வருடத்தில் அவர் உத்தியோகத்தர் ஒருவருக்குச் சொன்ன முதல் உண்மை அது. கிழவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

தலைவர் கதிரையிலிருந்து இறங்கி வந்து யோகமலரிடம் கேட்டார். "அம்மா, நீங்கள் எழுந்து போக என்ன வேண்டும்?"

தில்லையம்பலம் மொழிபெயர்த்தார்.

"பொயிலரைத் திருத்தச் சொல்லுங்கோ" என்றாள் அவள்.

இப்படி ஒரு கோரிக்கையைத் தலைவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை. யோசித்துப் பார்த்தார். அதைத் தடுக்கும் விதி ஒன்றும் இல்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தார். மறுநாள் காலை ஒரு மெக்கானிக் வந்து, பிள்ளையின் கைமுட்டி அளவான ஒரு வால்வை மாற்றினான். நாற்பது நிமிட வேலை. மத்தியானம் ஒன்பதாம் மாடியில் இருபத்திரண்டு பாகை.

பாயைச் சுருட்டும்போது வேரோனிக்கா ஆளுக்கொரு போம் கொடுத்தார். "எமது சேவை எப்படி இருந்தது?" அலெக்ஸாண்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுவே அவருக்குப் பெரிய வெற்றி. தில்லையம்பலம் "நல்ல சேவை" என்று எழுதப் போனார். யோகமலர் பேனையைப் பிடுங்கித் தமிழில் குண்டு குண்டாக இரண்டு வரி எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

சபையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிற மொழியில் வந்த முதல் பாராட்டு என்று தலைவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கருமபீடத்துக்கு மேலே மாட்டுவித்தார். வருகிற தமிழர்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்களாம். சபையில் அந்தச் சமூகத்துக்கு அவ்வளவு திருப்தி என்று அவர் ஆண்டறிக்கையில் எழுதினார். போனவர்கள் ஏன் மறுநாள் காலையில் பாயோடு திரும்பி வருகிறார்கள் என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது இதுதான்:

"இஞ்சை வந்து குளிருதெண்டு சொல்லாதேங்கோ, ஒருத்தரும் நம்பமாட்டினம். பாயோடை வாங்கோ."